பத்திரிகை வைக்கப் போன அப்பா

சாய்ப்ரியாவின் அப்பாவுக்குக் கால் விரலில் ஒரு புண். செருப்பு கடித்ததால் வந்தது. சின்னப் புண்தான். ஆனால் ஆறவே மாட்டேன் என்றது.

டாக்டர் புண்ணைப் பார்த்தார். ரத்தப் பரிசோதனை முடிவையும் பார்த்தார். அவர் சிரிக்கவே இல்லை.

"சர்க்கரை, கொலஸ்ட்ரால் ரெண்டுமே போன தடவையை விட அதிகம். மாத்திரை மட்டும் போதாதுங்க. சாப்பாட்டுல கட்டுப்பாடு வேணும். இல்லைன்னா விரலுக்கே ஆபத்து."

வீட்டுக்கு வந்ததும் அம்மா சமையலறையில் நின்று அழுதார். "எண்ணெயைக் குறைச்சுட்டேன். காபிக்குச் சக்கரையே போடறதில்ல. களியும் கீரையும்தான் செய்யறேன். அப்புறம் எப்படிங்க ஏறும்?"

அப்பா சுவரைப் பார்த்தார். சுவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடை தெரிந்தது. அப்பாவின் தங்கை ஷ்ரவ்யாவுக்குக் கல்யாணம். ஒரு மாதமாக ஊர் ஊராகப் பத்திரிகை வைத்துவந்த அப்பா, அன்று அன்னூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கு வைக்கக் கிளம்பினார். சாய்ப்ரியாவும் காரில் ஏறிக்கொண்டாள்.

முதல் வீட்டில் மைசூர்பாகு, சர்க்கரை போட்ட காபி. அடுத்த வீட்டில் பூந்தி, முறுக்கு, மறுபடி காபி. அப்பா எல்லாவற்றையும் பரீட்சை எழுதுகிறவர் போல மும்முரமாகச் சாப்பிட்டார்.

"வேண்டாம்னு சொல்லுங்கப்பா," என்றாள் சாய்ப்ரியா, காரில்.

"பத்திரிகை வெச்ச ஊட்டுல வெறும் வாயோட எந்திரிச்சா சங்கடப்படுவாங்க கண்ணு."

"சர்க்கரை இருக்குன்னு சொல்லுங்க."

"கல்யாண ஊட்டுக்காரன் நோயாளின்னு ஊரெல்லாம் பேசோணுமா?"

சாய்ப்ரியா யோசித்தாள். அடுத்த வீட்டில் அப்பாவின் தட்டிலிருந்த லட்டையும் அவளே எடுத்துத் தின்றாள்.

"அட, புள்ளைக்கு லட்டு அவ்வளவு பிடிக்குதா!" என்று அந்த வீட்டம்மா பூரித்துப்போனார். அப்பாவின் தட்டில் இன்னும் இரண்டு வைத்தார்.

பிறகு கண்ணையா பெரியப்பா வீடு. அப்பா காரிலிருந்து இறங்கும்போது நொண்டினார். விரல் கட்டில் லேசாக ஈரம் தெரிந்தது. சாய்ப்ரியா அதையே பார்த்தபடி பின்னால் நடந்தாள்.

ராமாமணி பெரியம்மா ஜாங்கிரித் தட்டோடு வந்தார். பெரியப்பா ஒன்றை எடுத்துக் கடித்தார். அப்பாவும் கையை நீட்டினார்.

"ஏனுங்க பெரியம்மா, அப்பாவுக்கு வேண்டாமுங்க!" என்றாள் சாய்ப்ரியா. "அப்பாவுக்குச் சர்க்கரைங்க. கொலஸ்ட்ராலும் இருக்குதுங்க. கால் புண்ணு ஆறவே மாட்டேங்குது. எனக்குப் பயமா இருக்குதுங்க. மோர் இருந்தா குடுங்க, போதும்."

அப்பாவின் முகம் சிவந்தது.

பெரியப்பா பாதி ஜாங்கிரியை மெதுவாகத் தட்டில் வைத்தார். "எனக்கும் சக்கரைதான் தம்பி. நீ திங்கோணுமேன்னுதான் நானும் தின்னேன்."

"நீங்க திங்கறீங்கன்னுதானுங்ண்ணா நானும் கையை நீட்டினேன்!" என்றார் அப்பா.

"ஏனுங்க!" பெரியம்மா இடுப்பில் கை வைத்தார். "வந்தவங்களோட உக்காந்து திங்கறதுதான் மரியாதைன்னு சொல்லிச் சொல்லி, இந்தக் கல்யாண மாசம் பூராத் தின்னீங்களே!"

"இவனும் நானும் மரியாதையிலயே செத்திருப்போமாட்ட இருக்குது," என்றார் பெரியப்பா. பெரியம்மா தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டு, இரண்டு பேருக்கும் மோர் கொண்டுவந்தார்.

திரும்பிக் காரில் ஏறியபின் அப்பா கால் கட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"கோவமாங்கப்பா?"

அப்பா அவள் தலையில் கை வைத்தார். அவ்வளவுதான். வண்டி கிளம்பியது.

அடுத்த வீட்டு வாசலில் அப்பா செருப்பைக் கூடக் கழற்றவில்லை. பத்திரிகையையும் இன்னும் நீட்டவில்லை.

"ஏனுங்க, எனக்குச் சக்கரைங்க," என்றார் உரக்க. "மோர் இருந்தா குடுங்க. வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

அந்த வீட்டில் மோர் இல்லை. வெறும் தண்ணீர்தான் கொடுத்தார்கள். அப்பா அதை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருந்துதுங்க," என்றார்.