கிளட்ச் இல்லாத வண்டி

புது வண்டி வீட்டுக்கு வந்த சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பல்லக்கா அதைச் சட்டை செய்யவில்லை. ஷோரூமிலிருந்து வீடுவரை தானே ஓட்டி வந்திருந்தாள். யாரையும் இடிக்கவில்லை, யாரிடமும் திட்டு வாங்கவில்லை. அந்த வெற்றிக்கு முன்னால் மழையாவது, இடியாவது.

பல்லக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவள் பொய்ப்பல் செய்கிறவள். வீட்டின் பின்னறைதான் பட்டறை. மெழுகில் ஈறு பிடித்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, தேய்த்து மெருகேற்றி, பல் டாக்டர்களுக்குக் கொடுப்பாள். கிளினிக் பெண்கள் விளையாட்டாகக் கூப்பிட்ட பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

செய்வது அவள் வேலை. கொண்டுபோய்க் கொடுப்பது புருஷன் வேலையாக இருந்தது. போன வருஷம் ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அதற்கப்புறம் கூரியரில் அனுப்பிப் பார்த்தாள். ஒரு மேல்தாடை வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. இன்னொன்று இரண்டாக உடைந்து போனது. கிளினிக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. கடைசியில் அவருடைய பழைய டீசல் வண்டியை விற்றுத் தள்ளிவிட்டு, கையிலிருந்ததையும் போட்டு, இந்த மின்சார வண்டியை வாங்கினாள்.

ஷெட் வாசலில் குடையோடு மகன் நின்றிருந்தான்.

"ஒரு மாசம் பாரும்மா," என்றான். "முடியலேன்னா வீம்பு பிடிக்காத. வண்டிய வித்துட்டு, பட்டறைய மூடிட்டு எங்க வீட்டுக்கு வந்துடு."

"வந்து?"

"வந்து சும்மா இரு. இவ்வளவு நாள் உழைச்சது போதாதா?"

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. வேலையை மூடி வைத்துவிட்டு, இன்னொருத்தர் வீட்டுக் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளுக்கு அப்படி என்ன வந்துவிட்டது?

"ஒரு மாசம்தானே. பார்த்துடலாம்," என்றாள்.

மகன் போனபின் சார்ஜர் வயரை இழுத்துச் செருகினாள். 'க்ளிக்' என்று பிடித்துக்கொண்டது. பச்சை விளக்கு மூச்சு விடுவதுபோல எரிந்து அணைந்தது. கீழே தரையில் பழைய வண்டி சொட்டிய எண்ணெய்க் கறை இருந்தது. சோப்பு போட்டு எத்தனை தடவை தேய்த்தும் போகாத கறை. அன்றைக்கு அது ஈரமாகத் தெரிந்தது.

மழைத் தண்ணீராக இருக்கும் என்று கதவைச் சாத்தினாள்.

அவர் கெட்ட மனுஷர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். கை நீட்டியதில்லை, குரல்கூட உயர்த்தியதில்லை. ஆனால் அவரிடம் ஒரு பேச்சு இருந்தது: "விடு, நான் பார்த்துக்கறேன்." பாட்டில் மூடி திறக்கவில்லையா, விடு, நான் பார்த்துக்கறேன். டாக்டரிடம் கூலியை உயர்த்திக் கேட்க வேண்டுமா, விடு, நான் பார்த்துக்கறேன். கல்யாணமான புதிதில் லைசென்ஸ் வாங்கிய கையோடு ஒருநாள் அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். தெருமுனை திரும்புவதற்குள் அவர் கை அவள் மணிக்கட்டின்மேல் வந்து உட்கார்ந்தது. அதே பேச்சு. அன்றைக்குப் பக்கத்து சீட்டுக்கு மாறியவள், அவர் போகும்வரை அங்கேயேதான் இருந்தாள். லைசென்ஸை மட்டும் விடாமல் புதுப்பித்துக்கொண்டே வந்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

முதல் சில நாள் தலைகால் புரியாத சந்தோஷம். வண்டி சத்தமே போடாததால், அணைக்க மறந்து அப்படியே இறங்கிப் போனாள். சார்ஜ் எத்தனை சதவீதம் என்று சோற்றுப் பானையை எட்டிப் பார்ப்பதுபோல நிமிஷத்துக்கொரு தரம் பார்த்தாள். காலை எடுத்தாலே வண்டி தானாக வேகம் குறைந்து நின்றுவிடும் என்பது பிடிபட்டதும், ஆளில்லாத தெருவில் போவதும் நிற்பதுமாக ஒரு மணி நேரம் குழந்தைபோல விளையாடினாள். விட்டுப்போன கிளினிக்குகளில் இரண்டு திரும்பி வந்தன.

பிறகு ஒரு காலையில் வண்டிக்குள் உட்கார்ந்தவளுக்குப் பெடல் எட்டவில்லை.

சீட் கடைசிவரை பின்னால் போயிருந்தது. கண்ணாடியில் பின்பக்கம் தெரியவில்லை, கூரைதான் தெரிந்தது. யாரோ நெட்டையான ஆள் உட்கார்ந்து, தனக்குத் தோதாகத் திருப்பி வைத்ததுபோல இருந்தது. பட்டனை அழுத்தி முன்னால் இழுத்துக்கொண்டாள். நேற்று இறங்கும்போது எதையாவது அழுத்தியிருப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். இரவெல்லாம் சார்ஜ் ஏறியும் காலையில் குறைவாகக் காட்டியது. உள்ளே ஏசி போட்டு வைத்த குளிர். அவருக்குப் பிடித்த குளிர்.

அப்புறம் வாடை வந்தது.

டீசல் வாடை.

எஞ்சின் இல்லாத வண்டி. டாங்க் இல்லை, புகைக்குழாய் இல்லை. பின்னே எங்கிருந்து டீசல் வரும்? ஜன்னலை இறக்கினாலும் போகவில்லை. நேராக சர்வீஸ் சென்டருக்கு விட்டாள்.

மெக்கானிக் தம்பி வண்டிக்குள் தலையை விட்டவுடனே மூக்கைச் சுளித்தான்.

"உள்ள டீசல் கேன் ஏதாவது வெச்சிருந்தீங்களாம்மா?"

"இல்லப்பா. உனக்கும் அடிக்குதா?"

"நல்லாவே அடிக்குதே." கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தான், சீட்டைக் கழற்றிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் கால் மிதியடியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். "இதப் பாருங்க, இடது பக்கம் எப்படித் தேய்ஞ்சிருக்குன்னு. இல்லாத கிளட்ச்ச மிதிச்சுக்கிட்டே இருந்திருக்கீங்க. ரொம்ப வருஷம் பழைய வண்டி ஓட்டினவங்க எல்லாரும் ஆரம்பத்துல இப்படித்தான். கால் சொன்னபடி கேக்காது. கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

பல்லக்காவும் சிரித்து வைத்தாள். வாசலுக்கு வந்தபின்தான் உறைத்தது.

அவள் ரொம்ப வருஷம் எந்த வண்டியை ஓட்டினாள்?

கிளட்ச் மிதித்துப் பழகிய கால் அவளுடையது இல்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் வண்டியின் மாற்றுச் சாவியைத் தேடினாள். மேஜை டிராயரில் வைத்தது அங்கே இல்லை. வீட்டையே தலைகீழாகப் புரட்டிய பிறகு, பீரோவில் தொங்கிய அவருடைய சாம்பல் நிறச் சட்டைப் பையில் அகப்பட்டது. வண்டிச் சாவியை அவர் எப்போதும் வைக்கிற பை அது. அவர் இறந்து பல மாதம் கழித்து வாங்கிய வண்டியின் சாவி, அவருடைய சட்டைப் பையில்.

பயம் வந்தது, பொய் சொல்வானேன். கட்டிலில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதாள். அழுது முடித்ததும் பயம் இருந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. சட்டை, பேன்ட், பனியன் என்று ஒன்று விடாமல் மூட்டை கட்டினாள். மறுநாள் காலை முதியோர் இல்லத்தில் போட்டுவிட்டு, அதே வண்டியில் திரும்பி வந்தாள்.

வரும் வழியில் சிக்னலில் நின்றபோது ஸ்டியரிங்கில் சத்தம் கேட்டது.

டக். டக். டக்.

மோதிர விரலால் தட்டுகிற சத்தம். சிக்னல் விழத் தாமதமானால் அவர் அப்படித்தான் தட்டுவார். அவளுடைய இரண்டு கையும் ஸ்டியரிங்கின்மேல் அசையாமல் இருந்தன.

மாதம் முடிகிற நேரத்தில் அந்த அவசர வேலை வந்தது. கிளினிக் பெண் காலையிலேயே போனில் கெஞ்சினாள். "அக்கா, பாட்டுக்காரர் ஒருத்தர். பழைய செட் கீழ விழுந்து தூளாயிடுச்சு. அவரோட அச்சு உங்ககிட்டதானே இருக்கு. இன்னிக்கு சாயங்காலம் மேடையில பாடணுமாம். பல்லில்லாம எப்படிப் பாடுவார்? நாலு மணிக்குள்ள வந்தாத்தான் டாக்டர் மாட்டிப் பார்க்க முடியும். இத முடிச்சுக் குடுத்தீங்கன்னா இனிமே எங்க வேலை மொத்தமும் உங்களுக்குத்தான்னு டாக்டர் சொல்லிட்டார்."

மொத்த வேலையும் என்றால் பட்டறை பிழைத்தது. போகாவிட்டால் மகன் வீட்டுக் கூடம்தான்.

மகனுக்கு எப்படியோ மூக்கில் வேர்த்து, பல்லை முடித்துப் பெட்டியில் வைக்கிற நேரத்துக்குச் சரியாகப் போன் செய்தான். "மழை கொட்டுதும்மா. நீ போகாத. விடு, நான் பார்த்துக்கறேன்."

அதே வார்த்தை. போனை வைத்தாள்.

பல் பெட்டியைப் பக்கத்து சீட்டில் வைத்துக் கிளம்பினாள். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பெட்டிக்குள் பற்கள் குளிரில் நடுங்குவதுபோலக் கடகடத்தன. கிளினிக் இருந்த கட்டடத்தில் வண்டி நிறுத்துமிடம் பூமிக்கடியில். சரிவாக வளைந்து இறங்கும் பாதை. ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் எரிகிற விளக்குகள். வண்டி இறங்க இறங்க ஒவ்வொன்றாக எரிந்து வழிகாட்டின.

பாதிச் சரிவில் சீட் முனகியது.

பட்டனை அவள் தொடவில்லை. அவளைச் சுமந்துகொண்டே சீட் மெல்லப் பின்னால் நகர்ந்தது. கால் பெடலை விட்டு விலகியது.

வண்டி நின்றுவிட்டது.

அசைவில்லாததால் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஸ்டியரிங் பக்கத்துத் திரையையும் சேர்த்து ஏதோ அணைத்தது. கும்மிருட்டு. எங்கோ தண்ணீர் சொட்டியது. டீசல் வாடை நெஞ்சை அடைத்தது.

முதுகுக்குப் பின்னால் சீட் இல்லை.

ஒரு மார்பு இருந்தது. குளிர்ந்த மார்பு. மூச்சு விடவில்லை.

அவளுடைய மணிக்கட்டின்மேல் ஒரு கை வந்து உட்கார்ந்தது.

காதோரமாகக் குரல் வந்தது. "விடு."

அவள் விடவில்லை. விட முடியாத அளவுக்கு விரல்கள் மரத்துப் போயிருந்தன.

"விடு. நான் பார்த்துக்கறேன்."

கீழே, அவள் காலுக்குப் பக்கத்தில், ஏதோ மிதித்தது.

தப்.

இடது பக்கம். அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் மிதியடிதான்.

தப். தப். தப்.

இரண்டு சீட்டுக்கும் நடுவே தட்டையாக இருந்த இடத்தில் நகம் பிராண்டும் சத்தம் கேட்டது. எதையோ தேடுகிற சத்தம். அந்த இடத்தில்தான் பழைய வண்டியில் கியர் இருந்தது. பிராண்டிப் பிராண்டித் தேடியது. கீழே கால் மறுபடி மிதித்தது. வண்டி இம்மியும் நகரவில்லை.

பல்லக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது.

இவருக்கு இந்த வண்டி ஓட்டத் தெரியாது.

இத்தனை ராத்திரி ஷெட்டுக்குள் உட்கார்ந்து, சீட்டைத் தள்ளி, கண்ணாடியைத் திருப்பி, ஏசியைப் போட்டு, மிதியடி தேய மிதித்திருக்கிறார். ஒரு ராத்திரிகூட வண்டி வாசலைத் தாண்டவில்லை. மனுஷருக்குக் கிளப்பவே தெரியவில்லை. செத்தும் அடுத்தவரைக் கேட்கிற வழக்கம் வரவில்லை.

சிரிப்பு வந்தது. அந்த இருட்டில், அந்தக் குளிரில், மணிக்கட்டில் அந்தக் கையோடு, அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"கிளட்ச் கிடையாதுங்க," என்றாள்.

மிதிப்பது நின்றது.

"கியரும் கிடையாது. எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. இது என் வண்டி. என் கைக்காசுல வாங்கினது. உங்க பக்கத்துல எத்தனை வருஷம் வாயத் திறக்காம உக்காந்து வந்தேன்? ஒருநாளாவது ஓட்டுறியான்னு கேட்டீங்களா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போகச் சொல்லல. வரதுன்னா வாங்க. ஆனா இந்த சீட்டுல இல்ல. இருங்க, பெட்டிய எடுத்துக்கறேன்."

பல் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அல்லது அவளுக்கு நெடுநேரமாகத் தோன்றியது.

மணிக்கட்டிலிருந்து குளிர் விலகியது. முதுகுக்குப் பின்னால் வெறும் சீட்.

வண்டியின் வலப்பக்கம் மேலே ஒரு விளக்கு எரிந்தது. அங்கே யாரும் இல்லை. அது அணைய, வண்டிக்கு முன்னால் இருந்த விளக்கு எரிந்தது. பிறகு இடப்பக்கம். பக்கத்து சீட்டின் கதவுக்கு நேர் மேலே.

கதவு திறக்கவில்லை.

ஆனால் பக்கத்து சீட்டின் மெத்தை அமுங்கியது.

திரை உயிர்பெற்று 'டிங், டிங்' என்று மணியடித்தது. பக்கத்து சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று சிவப்பாகக் காட்டியது.

பல்லக்கா தன் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். நேராக முன்னால் பார்த்தாள். திரும்பிப் பார்க்கிற துணிச்சல் மட்டும் இன்னும் வரவில்லை.

"பெல்ட்," என்றாள்.

க்ளிக்.

மணி நின்றது.

நாலு மணிக்குச் சற்று முன்னால் பல் போய்ச் சேர்ந்தது. பாட்டுக்காரர் மாட்டிக்கொண்டு அங்கேயே ஒரு வரி பாடிக் காட்டினாராம்.

மாதக் கடைசியில் ஞாயிற்றுக்கிழமை காலை மகன் வந்தான். மூஞ்சியைப் பார்த்தாலே தெரிந்தது, வண்டியை வாங்க ஆள் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறான். பல்லக்கா பட்டறைக்குக் கூட்டிப் போய், வரிசையாக அடுக்கியிருந்த வேலைகளைக் காட்டினாள். அவன் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான்.

"வா, பஸ் ஸ்டாண்டுல விடறேன்," என்றாள்.

வெயில் நன்றாக ஏறியிருந்தது. மகன் பக்கத்துக் கதவைத் திறக்கக் கையை வைத்தான்.

"பின்னாடி உக்காருப்பா."

"ஏம்மா, முன்னாடி சும்மாதானே—"

கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தவன் பேச்சை நிறுத்திவிட்டான். பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது. அது சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை. நெட்டையான, மார்பு அகன்ற ஒரு ஆளைச் சுற்றி இழுத்துக் கட்டியதுபோல, வெறும் காற்றில் விறைத்து நின்றது.

"அம்மா," என்றான் சின்னக் குரலில். "டீசல் வாடை அடிக்குது."

"ஆமா. ஏறு, நேரமாச்சு."

அவன் பின்னால் ஏறி மூலையில் ஒடுங்கிக்கொண்டான். வண்டி சத்தமில்லாமல் தெருவில் இறங்கியது. முனைச் சிக்னலில் சிவப்பு விழுந்தது. பல்லக்கா காலை எடுத்தாள், வண்டி தானாக நின்றது.

பக்கத்துக் கதவில் சத்தம் கேட்டது.

டக். டக். டக்.

பின் சீட்டில் மகன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"தட்டாதீங்க," என்றாள் பல்லக்கா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் பார்த்துக்கறேன்."

சத்தம் நின்றது.