முன்விளக்கைத்தான் பார்த்திருக்க வேண்டும்

“ஐயோ... மறுபடியும் நின்னுட்டானே!”

கேமராவை இறக்கியவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அந்தச் சாலை வளைவில் அவள் காத்து நின்றது ஓடுகிற கார்களுக்காக. கார் போகிற வேகத்துக்குக் கேமராவையும் கூடவே திருப்பிக்கொண்டு கிளிக் செய்தால், கார் மட்டும் தெளிவாக விழும். பின்னாலிருக்கும் மரம், சுவர், கடை எல்லாம் கோடு கோடாக இழுபட்டுப் போகும். படத்தைப் பார்க்கிறவன் முகத்தில் காற்றடிக்கும்.

நாளைக்கு அப்படி ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லியிருந்தது ஒரு கார் ஷோரூம். அண்ணனின் ஸ்டூடியோவில் நீலத் துணிக்கு முன்னால் ஆட்களை உட்கார வைத்து ‘தலையை நிமிர்த்துங்க, சிரிக்காதீங்க’ என்று பாஸ்போர்ட் போட்டோ எடுத்து எடுத்தே அலுத்துப்போனவளுக்கு, அவள் பெயரைச் சொல்லி வந்த முதல் வேலை. இதைச் சொதப்பினால் மறுபடியும் அந்த நீலத் துணிக்கு முன்னால்தான் ஆயுசு முழுக்க!

அதற்கு ஒத்திகை பார்க்கலாமென்று வந்தால்... இந்த எல் போர்டு கார்! தூரத்தில் வரும்... நெருங்கும்... அவள் கேமராவைத் திருப்ப ஆரம்பிப்பாள்... கிரீச்! சரியாக அவளுக்கு எதிரே நின்றுவிடும். சுற்றிச் சுற்றி வந்து இதே கூத்து.

விறுவிறுவென்று போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த நடுவயதுப் பெண்மணி, “நான் பிரேக்கே போடலை மாஸ்டர்! சத்தியமா போடலை!” என்று பக்கத்து ஸீட்டைப் பார்த்துப் புலம்பிக்கொண்டிருந்தார்.

பக்கத்து ஸீட்டில் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். இளைஞன்தான். எதையோ சொல்ல வந்து சொல்லாமல் விட்ட மாதிரி இரண்டு கண்கள்... சே, இப்போது கண்களா முக்கியம்!

“ஏங்க, ஓட்டக் கத்துக் குடுக்கறீங்களா, நிறுத்தக் கத்துக் குடுக்கறீங்களா?”

“ரெண்டும்தாங்க. ரோட்டோரம் கேமராவோட ஒருத்தர் நின்னா, கத்துக்கறவங்க பயந்துபோய் பிரேக் போடத்தான் செய்வாங்க.”

“பயமுறுத்தற மாதிரியா இருக்கேன் நான்?”

அவன் அவளைத் தேவைக்கு மேலேயே பார்த்தான். “கொஞ்சம்...”

“நான்தான் போடலைன்னு சொல்றேனே!” என்றார் அந்தப் பெண்மணி. யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாள் காலை, ஷோரூம் வாசலில் புத்தம் புதுக் கார் பளபளத்தது. “சொன்ன வேகத்துல ஆடாம அசையாம ஓட்டறதுக்கு இவரை விட்டா ஆள் கிடையாதும்மா” என்று மேனேஜர் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திய ஆளைப் பார்த்ததும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவனேதான்!

“இன்னிக்காவது நிக்காம போவீங்களா?”

“போறேங்க.” ஸீட்டில் உட்கார்ந்தவன் தலைமுடியைக் கோதிக்கொண்டான். “கண்ணாடியை இறக்கி விடட்டுமா? முகம் தெரியணுமே...”

“இறக்குங்க. ஏத்தியிருந்தா வெளிச்சம் பட்டுப் பளபளக்கும், அதுக்காக. மத்தபடி உங்க முகம் யாருக்கு வேணும்? எனக்குக் கார் மட்டும்தான். அந்த ஸீட்ல ஒரு மூட்டையை வெச்சாலும் எனக்கு ஒண்ணுதான்.”

சிரித்துக்கொண்டிருந்தவன் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டோமோ... என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் வாயை விட்டுப் போனது போனதுதானே?

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. நனைந்து மினுங்கிய சாலையில் கார் நூல் பிடித்தாற்போல வந்தது, போனது. அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவள் திருப்பித் திருப்பி எடுத்தாள். கேமராவின் குட்டித் திரையில் எல்லாமே பிரமாதமாகத்தான் தெரிந்தன.

ஸ்டூடியோவில் பெரிய திரையில் போட்டுப் பார்த்தபோதுதான் பகீரென்றது. முன்விளக்கு மங்கல். பானட் மங்கல். சக்கரம் மங்கல். ஒரே ஒரு இடம் மட்டும், எல்லாப் படத்திலும், இமை முடியை எண்ணிவிடலாம் போல அத்தனை தெளிவு. ஓட்டுகிறவனின் முகம்!

அண்ணன் பின்னால் வந்து நின்றான். “ஏண்டி சிடுமூஞ்சி... இது கார் விளம்பரமா, மாப்பிள்ளை விளம்பரமா?”

“அண்ணா!”

“நம்ம கண்ணு எதைத் துரத்திக்கிட்டுப் போகுதோ அதுதான் தெளிவா விழும். முன்விளக்கைப் பிடி, முன்விளக்கைப் பிடின்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே! விடு, ஷோரூமுக்கு போன் போட்டு முடியாதுன்னு சொல்லிடறேன். உள்ளே பாஸ்போர்ட்டுக்கு ஆள் காத்துட்டிருக்கு.”

“சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு. நானே முடிப்பேன்!”

சொல்லிவிட்டாள். ஆனால் ஓட்ட அவன் வேண்டுமே! மூட்டை என்ற அதே வாயால் கூப்பிட வேண்டும். கடவுளே...

டிரைவிங் ஸ்கூல் வாசலில் அவன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை. “ஏங்க, மூட்டை கிடைக்கலையா?”

“நான் பேசினது தப்புதான். இன்னொரு தடவை ஓட்டணும்.”

“ஏன்? நான் நல்லாத்தானே ஓட்டினேன்?”

“நீங்க நல்லாத்தான் ஓட்டினீங்க...” அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது. படத்தை அவன் கையில் திணித்தாள். “நான்தான் காரைப் பார்க்கலை!”

அவன் படத்தைப் பார்த்தான்... பார்த்துக்கொண்டே இருந்தான். துடைக்கிற துணி கையிலிருந்து நழுவி விழுந்தது.

“எத்தனை மணிக்கு வரணும்?” என்றான் மெல்ல.

சாயங்காலம், அதே வளைவு. மழை வலுக்கப் பார்த்தது. புதுக் காரின் அருகில் போய் அவள் சொன்னாள், “கண்ணாடியை ஏத்திடுங்க.”

“பளபளக்கும்னீங்களே?”

“பளபளக்கட்டும்! என் கண்ணு அந்தப் பக்கம் போகாம இருந்தாப் போதும்!”

கார் வந்தது. முன்விளக்கு... முன்விளக்கு... என்று ஜபித்துக்கொண்டே கேமராவைத் திருப்பினாள். கிளிக். பார்த்தாள். மரமும் சுவரும் மழையும் கோடுகளாகப் பறக்க, நடுவே கார் மட்டும் துல்லியமாக நின்றது. அப்பாடா... இனி அந்த நீலத் துணிக்கு முன்னால் அண்ணனே நிற்கட்டும்!

இன்னொரு சுற்று வந்த கார், அவளுக்கு நேர் எதிரே கிரீச்சிட்டு நின்றது. கண்ணாடி இறங்கியது.

“படம்தான் கிடைச்சாச்சே, இப்ப ஏன் நிறுத்தினீங்க?”

“நேத்து அந்த அம்மா பிரேக் போடலைன்னு சத்தியம் பண்ணாங்களே... அது நிஜம்தாங்க.” அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “கத்துக் குடுக்கற கார்ல என் காலுக்குக் கீழயும் ஒரு பிரேக் இருக்கு.”

அவளுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. “ஒவ்வொரு ரவுண்டுமா?”

“ஒவ்வொரு ரவுண்டும். அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். ‘என்கிட்ட ஏன் சொல்றே, போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு’ன்னுட்டாங்க.”

“என்னன்னு?”

“பிடிச்சிருக்குன்னு.”

மழை இறங்கியே விட்டது. கேமராவைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு, மறுபக்கம் ஓடி, கதவைத் திறந்து உட்கார்ந்து, படாரென்று சாத்தினாள்.

“இதைச் சொல்ல ஊரையே சுத்தணுமா? என் ஒத்திகையைப் பூரா கெடுத்து... பாவம் அந்தம்மாவைப் பாடாப் படுத்தி... எனக்கும்தான் பிடிச்சிருக்கு! போதுமா? வண்டியை எடுங்க, ஷோரூமை மூடிடப் போறாங்க!”

நூல் பிடித்தாற்போல ஓட்டுகிறவனுக்கு, அந்த வளைவிலிருந்து கிளம்புவதற்குள் வண்டி இரண்டு முறை ஆஃப் ஆனது.