மூன்றாவது கேட்பாளர்

வியாசர்பாடி கேரம் போட்டிகளுக்கு நான் நடுவர். துகள் இயற்பியல் கேட்க வரச்சொல்லி எனக்கு அழைப்பு வந்தது. குலுக்கலில் பெயர் விழுந்தால் போயே ஆக வேண்டும். போன வருடம் மழை ஆராய்ச்சி ஒன்றைக் கேட்டு வந்த என் தங்கை, மதியச் சாப்பாடு அருமை என்றாள். அதை நம்பித்தான் காலை வண்டியில் கிளம்பினேன்.

கணிமதி என்கிற யோசிக்கும் இயந்திரங்கள் விடை சொல்லத் தொடங்கி எழுபது வருடமாகிறது. விடையெல்லாம் சரிதான். ஏன் சரி என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அதனால் வந்தது கேட்பாளர் சட்டம். கணிமதியின் கண்டுபிடிப்பு எதுவானாலும், ஒரு விஞ்ஞானி அதைச் சாதாரண ஆள் ஒருவருக்குக் கரும்பலகையில் விளக்க வேண்டும். அடுத்தடுத்து மூன்று பேருக்குப் புரியாவிட்டால் தள்ளுபடி.

மதுராந்தகத்துக்கு அடியில் ஓடும் துகள் மோதல் வளையத்தில் எனக்கு விளக்கக் காத்திருந்தவள் நசீமா. பதினோரு வருட உழைப்பு. முதல் இருவரும் 'புரியவில்லை' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாவது ஆள் நான். எனக்கோ பள்ளியிலேயே இயற்பியல் என்றால் ஜுரம் வரும். இவள் தலையெழுத்து என்னிடம் வந்து மாட்டிக்கொண்டதே என்று பாவமாக இருந்தது.

"எஸ்தர் அக்கா, ரெண்டு துகள் நேருக்கு நேர் மோதுது. மோதுறதுக்கு முன்னாடி மொத்த உந்தம் பூஜ்யம். மோதின பிறகும் பூஜ்யமாத்தான் இருக்கணும். இந்தப் பக்கம் எவ்வளவு தெறிக்குதோ, எதிர்ப்பக்கமும் அவ்வளவு தெறிக்கணும். ஆனா சில மோதல்ல ஒரு பக்கம்தான் தெறிக்குது. எதிர்ப்பக்கம் காலி."

"அப்ப ரூலு தப்புன்னு சொல்லிட்டுப் போவ வேண்டியதுதான?"

"முடியாதுக்கா. இயற்கை இங்க ஒரு மாதிரி, பத்தடி தள்ளி ஒரு மாதிரி நடந்துக்காது. அதுலேர்ந்துதான் இந்த விதியே வருது. விதியை விட்டா அதையும் விடணும். முன்னாடி ஒரு தடவை அணு சிதையறப்ப ஆற்றல் குறைஞ்சுது. பெரிய தலைங்களே விதியை விட்டுடலாமான்னு யோசிச்சாங்க. ஒருத்தர் மட்டும், கண்ணுக்குத் தெரியாத ஏதோ எடுத்துட்டுப் போகுதுன்னார். இருபத்தாறு வருஷம் கழிச்சு அது மாட்டுச்சு. நியூட்ரினோ."

"இங்கியும் யாரோ எத்துக்கினு போறாங்கோ."

"ஆமாக்கா. புதுத் துகள்னு கணிமதி சொல்லுது."

எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதிப் பாதியில் என் தொழில் புத்தி குறுக்கே வந்தது. காய் கோணலாக ஓடினால் ஆட்டக்காரர்கள் காயைத்தான் திட்டுவார்கள். நாங்கள் போர்டைச் சுற்றி வந்து நான்கு பக்கமிருந்தும் அடித்துப் பார்ப்போம். எல்லாம் ஒரே மூலைக்கு ஒதுங்கினால் போர்டு சாய்ந்திருக்கிறது.

"காணாமப் போறது எந்தப் பக்கமா போவுது? எப்பவும் ஒரே பக்கமாவா?"

நசீமாவின் கை பலகையிலேயே நின்றுவிட்டது.

"இயற்கைக்கு ஒரு பக்கம் மட்டும் ஒசத்தி கிடையாது," என்றாள் மெதுவாக. "புதுத் துகள்னா, துகள் ஓடுற குழாயைச் சுத்தி எல்லாப் பக்கமும் சமமா போயிருக்கணும். ஒரே பக்கம்னா எங்க கருவிலதான் கோளாறு."

"இத்தினி நாளா கேக்கலியா?"

"விடையை விளக்கத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. கேள்வி கேக்க இல்லக்கா."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இன்னாத்துக்கு வம்பு? புரிஞ்சுதுன்னு எழுதிக் குடுத்துடறேன்மா. ஊட்டுக்குப் போலாம்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

நசீமா வேண்டாமென்று தலையசைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, காணாமல் போனவற்றின் திசைகளை மட்டும் கணிமதியிடம் தனியாகக் கேட்டாள்.

திரையில், குழாயை நேரே பார்த்தாற்போல் ஒரு வட்டம் வந்தது. அதன் ஓரத்தில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. முதல் ஏழெட்டும் மேல்பக்கமேதான். அப்புறம் கீழே விழுந்தன, இடப்பக்கம், வலப்பக்கம். கடைசியில் வட்டம் முழுக்கச் சமமாக நிறைந்துவிட்டது.

நசீமா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அழுகையும் கூடவே வந்தது. எனக்கு ஏன் கண் கலங்கியது என்று தெரியவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"புரிஞ்சுது. படிவத்த குடும்மா."

அவள் உடனே தரவில்லை. 'புரிந்துகொண்டவர் பெயர்' என்றிருந்த இடத்தில் முதலில் தன் பெயரை எழுதிவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினாள்.