இடது பக்கத்துச் சீட்டு

மடத்துக்குளத்தில் ஆத்தப்பன் வீட்டு வாசலில் நான் போய் இறங்கியபோது காலை பத்து மணி. வெயில் ஏறியிருந்தது. ஆனாலும் அந்தப் பழைய ஓட்டு வீட்டுக்குள் இருட்டு கலையவில்லை. வேப்பமரத்தடியில் பிக்கப் வண்டி நின்றது. தக்காளி சுமந்து சலித்த வண்டி. எங்கள் பனியன் மூட்டைகளுக்கு அது போதும்.

பேரம் முடிந்தது. காதர்பேட்டைப் பனியன் கடைத்தெருவில் வளர்ந்தவனுக்குப் பேரம் ஒரு வியாதி. முடிந்த பிறகும் நாக்கு அரிக்கும். சாவியை நீட்டிய ஆத்தப்பன் தயங்கினார்.

"இடது பக்கத்துச் சீட்ட மட்டும் கழட்டிக்கறனுங்க தம்பி. மாட்ட வித்தாக் கயித்தக் குடுக்க மாட்டமில்லீங்க, அந்த மாதிரி."

"மாடு கயித்து மேல உக்காந்துட்டா போகுதுங்க?" என்றேன். "சீட்டில்லாம ஓட்டிட்டுப் போனா, வேலுமணி அரை வண்டிதான் வாங்குனான்னு ஊரே சிரிக்கும்."

சுற்றி நின்றவர்கள் அப்போதே சிரித்தார்கள். கிழவர் சிரிக்கவில்லை. சீட்டின் ஓரத்தை ஒருமுறை தடவிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

நான் ஜெயித்தேன். அது 1968.

பத்து நாள் கழித்து டிரைவர் கன்னையன் என் முன்னால் வந்து நின்றான். சட்டை நனைந்திருந்தது.

"வண்டி ஆடுதுங்க மொதலாளி. பல்லடம் ரோட்டுல அம்பது மைல் வேகத்தத் தாண்டுனா ஸ்டியரிங் கையில நிக்க மாட்டேங்குது. ஒரு நாளைக்கு ஆடுது, ரெண்டு நாளைக்குச் சும்மா இருக்குது. இன்னைக்குப் புளியமரத்துக்கும் எனக்கும் ஒரு சாணுதானுங்க. ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குதுங்க எனக்கு."

வேலைக்கு டிமிக்கி என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனாலும் மெக்கானிக் அர்த்தநாரியிடம் விட்டேன். அவர் முன் சக்கரங்களைப் பின்னால் மாட்டினார், பின்னவற்றை முன்னால். ஒவ்வொரு டயரையும் சுழற்றிச் சாக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்தார். புரொப்பெல்லர் ஷாப்டைக் கழற்றிப் பூட்டினார். தானே ஐம்பத்தைந்து மைல் வேகத்தில் பல்லடம் போய் வந்தார். சட்டையில் சுருக்கம்கூட விழவில்லை.

மறுநாள் கன்னையன் ஓட்டினான். ஆடியது.

"வண்டி நல்லாத்தான் இருக்குதுங்க," என்றார் அர்த்தநாரி. "நாளைக்கு அவனே ஓட்டட்டும். நான் பக்கத்துல உக்காந்து பாக்கறன்."

உச்சி வெயில். நான் பின்னால் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, கண்ணாடி இல்லாத சின்ன ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் ரோடு உருகி நெளிந்தது. மூட்டைகளின் சலவை வாடைக்கு நடுவே, எங்கிருந்தோ விளக்கெண்ணெய் வாசம் வந்தது. ஈரத்தலையில் தேய்த்த விளக்கெண்ணெய்.

பிறகு வளையல் சத்தம்.

ஸ்டியரிங் ஆடியது. வண்டியே ஆடியது. என் பற்கள் ஒன்றோடொன்று மோதின.

"கன்னையா!" என்று அலறினார் அர்த்தநாரி.

வண்டி மண்ணில் இறங்கி நின்றது. அர்த்தநாரி கீழே குதித்துத் தன் மடியைத் தட்டிக்கொண்டே இருந்தார், தட்டிக்கொண்டே இருந்தார்.

"என் மடி மேல சாஞ்சுட்டு," என்று முணுமுணுத்தார், "பொம்பள ஒருத்திங்க. ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கப் புடிச்சு உலுக்குறா. கை சில்லுனு இருக்குது. இவன் கண்ண மூடுன பொறவுதானுங்க உலுக்குனா."

கன்னையன் தலையைக் குனிந்துகொண்டான். ராத்திரி வேறொரு கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டிவிட்டுப் பகலில் என் வண்டிக்கு வருகிறான். எனக்குத் தெரியும். தெரியாதது போல் இருந்தேன்.

அப்படியே மடத்துக்குளம் போனோம். நாங்கள் சொல்லி முடிக்குமுன் ஆத்தப்பனின் கண் நிறைந்துவிட்டது.

"என் சம்சாரம் மருதாளுங்க. எனக்கு ஸ்டியரிங்கப் புடிச்சாத் தூக்கம் வந்துரும். அவ கூடவே உக்காந்து, நான் அசந்தா ஸ்டியரிங்கப் புடிச்சு உலுக்குவா. செத்து ரெண்டு வருசமாச்சு. அதுக்கப்பறமும் உலுக்குனாளுங்க. நான் உசுரோட இருக்கறதே அதுலதான்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்லீங்க?"

"சொல்லியிருந்தா நீங்க வண்டிய வாங்குவீங்களா?"

வியாபாரிக்கு வியாபாரி. சீட்டைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் அதைக் குழந்தையைப் போல மார்போடு வாங்கிக்கொண்டார். "மச்சினன் டிராக்டர் ஒன்னு வாங்கியிருக்கறானுங்க. நாந்தானுங்க ஓட்டறன். இதப் பக்கத்துல கட்டிக்குவன். இனி எனக்குப் பயமில்லீங்க."

கன்னையனிடம் ராத்திரி வேலையை விடச் சொன்னேன். கூலியை நானே ஏற்றிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் பேரம் பேசாமல் ஏற்றியது அது ஒன்றுதான்.

மறுநாள் பிற்பகல். நெருப்பெரிச்சல் கிராமத்தில் எங்கள் கம்பெனி வாசலில் வண்டி நின்றது. சாவி என் மடியில். கன்னையன் என்னருகில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

ஸ்டியரிங் மெல்ல அசைந்தது.

பிறகு உலுக்கியது. கதவுகள் அதிர்ந்தன. சீட்டில்லாத அந்த இடது பக்கத்தில் வளையல்கள் ஒன்றோடொன்று மோதி உடைவது போல் ஒலித்தன.

"மொதலாளி," கன்னையன் என் கையைப் பிடித்தான். "நான் முழிச்சுட்டுத்தானுங்க இருக்கறன்."

ஆமாம். முழித்துக்கொண்டுதான் இருந்தான். இங்கே யாரும் தூங்கவில்லை.

அப்படியானால், தூங்குவது யார்?

எனக்கு உறைத்தது. சீட்டைத்தான் நாங்கள் திருப்பிக் கொடுத்திருந்தோம். அவள் அதோடு போகவில்லை.

ஓடிப்போய் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். ஐஸ் போலிருந்தது. என் கைக்குள்ளேயே ஒரு கடைசித் துடிப்பு துடித்து, நின்றது. கடிகாரத்தில் மூன்றேகால்.

விடிந்ததும் ஆள் வந்தது. முந்தின நாள் மூணேகால் மணி வாக்கில், அமராவதி வாய்க்கால் கரையில் போன டிராக்டர் தண்ணீருக்குள் இறங்கிவிட்டதாம். கிழவர் தூக்கத்திலேயே போயிருக்க வேண்டும் என்றார்கள். முகத்தில் பயமே இல்லையாம்.

மாலை வாங்கிக்கொண்டு அந்த வண்டியிலேயே கிளம்பினோம். கன்னையன் நன்றாகத் தூங்கி எழுந்திருந்தான். கண் சிவப்புகூட இல்லை. பயத்தில் இருபது மைலுக்கு மேல் ஓட்டவில்லை. பல்லடம் தாண்டியதும் வண்டி ஆடத் தொடங்கியது.

கன்னையன் என்னைப் பார்த்தான்.

அது தூங்குகிறவனை எழுப்பும் உலுக்கல் அல்ல. மெல்ல, விட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறவளின் தோள் குலுங்குவது போல, மடத்துக்குளம் வரைக்கும் ஆடிக்கொண்டே வந்தது.