ஆணிக்குத் திரும்பிய டோக்கன்

காலை 6.20. சாம்பியன் ரீப்ஸ் ரயில் ஸ்டேஷனுக்குப் போகும் குறுக்குப் பாதையில், தங்கச் சுரங்கம் கழித்துக் கொட்டிய சயனைடு மண்மேட்டின் அடியில் வித்தைக்காரர் டைட்டஸ் செத்துக் கிடந்தார். பின்மண்டை உடைந்திருந்தது. வித்தைப் பெட்டி திறந்து, காகிதப் பூக்கள் சேற்றில் ஊறிக்கொண்டிருந்தன.

கூடியிருந்த முப்பது பேரில் ஒருவர் கண்ணிலும் ஈரமில்லை.

"ஏவி உட்டது திரும்பி அவனையே அடிச்சிட்ச்சு," என்றாள் பக்கத்து வீட்டு சரோஜம்மா. "சவப்பெட்டி தூக்க ஒருத்தனும் வரமாட்டான்."

சப்-இன்ஸ்பெக்டர் வாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளும் இந்த ஊர்க்காரிதான். கிறிஸ்துமஸ் மேடையில் டைட்டஸ் அவள் காதிலிருந்து காசு எடுத்தபோது, "மந்திரவாதி, மந்திரவாதி" என்று கைதட்டியவர்கள் இதே ஜனங்கள். மூன்று மாதம் முன்பு எதிர்வீட்டு மாணிக்கராஜின் ஐந்து வயதுப் பேத்தி காய்ச்சலில் போனாள். டைட்டஸ்தான் ஏவல் வைத்துக் கொன்றார் என்று, அன்றிலிருந்து அதே சொல்லைச் சொல்லிக் காறித் துப்பினார்கள்.

காலை 7.05. டைட்டஸின் வீட்டு வாசலில் மகள் லவினா நின்றாள்.

"அப்பா எப்பக் கெளம்பினாரு?"

"அஞ்சு பத்துக்கு. பெங்களூர்ல ஒரு பர்த்டே ஷோ."

கதவோரத்து ஆணியில் பித்தளை டோக்கன் தொங்கியது. எண் 417. டைட்டஸின் தகப்பனார் சுரங்கத்தில் இறங்கும்போது கொண்டுபோனது. டைட்டஸுக்கு அதுதான் வித்தைக் காசு.

"இதை மறந்துட்டுப் போனாரா?"

"இல்ல மேடம். அவரு போனதும் வாசல் பெருக்கினேன். அப்ப ஆணி காலியா இருந்துச்சு." அவள் வாணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாவை அம்மா பக்கத்துல பொதைக்கணும். அந்தக் கெட்ட பேரோட பொதைக்க வேணாம். யார் செஞ்சதுன்னு கண்டுபுடிங்க."

வாணி டோக்கனை உறையில் போட்டுக்கொண்டாள்.

காலை 8.30. செத்த குழந்தையின் தகப்பன் அனிலை அதே வாசலுக்கு வரவழைத்தாள்.

"டைட்டஸைக் கொல்லுவேன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"விடியக்காலம் எங்க இருந்தே?"

"வீட்ல தூங்கினு இருந்தேன்."

"பாத்தவங்க?"

"யாருமில்ல."

"அவன் பண்ணல மேடம், உட்டுடுங்க," என்று கெஞ்சியபடி பின்னாலேயே வந்தார் அவன் அப்பா மாணிக்கராஜ். சுரங்கத்து டோக்கன் ரூமில் முப்பது வருஷம் வேலை பார்த்த மனிதர்.

வாணி கைக்குட்டையை உருவினாள். அதோடு, சுரங்கத்தில் வேலை பார்த்த அவள் அப்பாவின் பழைய டோக்கன் தரையில் விழுந்தது. அனில் அதைத் தாண்டி நகர்ந்து நின்றான். மாணிக்கராஜ் குனிந்தார். எடுத்தார். வேட்டியில் துடைத்தார். காலியான ஆணியில் மாட்டினார்.

"இன்னாத்துக்கு மாட்டினீங்க?"

"டோக்கன் தரையில கெடக்கக் கூடாதும்மா."

"டோக்கன் ரூம்ல காலி ஆணின்னா ஆளு இன்னும் சுரங்கத்துலேர்ந்து மேல வரலன்னு அர்த்தம். அதைப் பாத்துப் பயந்தே முப்பது வருசம் ஓட்டினவரு நீங்க. காலையில டைட்டஸ் கையிலேர்ந்து விழுந்த டோக்கனை வேற எவனாயிருந்தாலும் அங்கயே உட்டுட்டு ஓடியிருப்பான். உங்க மவன் இப்ப தாண்டிப் போன மாதிரி. நீங்கதான் அதையும் துடைச்சுக் கொண்டாந்து மாட்டினீங்க."

மாணிக்கராஜ் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாளு என் மாத்திரையக் குடுத்துப் புள்ளைய வீட்லயே வெச்சிருந்தேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போன்னு டைட்டஸ் தலப்பாடா அடிச்சுகினான். நான் கேக்கல."

"பழி உங்க மேல வரக் கூடாதுன்னு அவரை மந்திரவாதி ஆக்கிட்டீங்க."

"அந்தக் கெட்ட பேரு தாங்க முடியல, உன் மவன் கிட்ட உண்மையச் சொல்லப் போறேன்னான். பின்னாடியே போயி கல்லால அடிச்சேன்."

அனில் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

காலை 9.15. ஜீப் கிளம்பியது. லவினா முதல் முறையாகத் தலை நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். சரோஜம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"செத்த பொறவும் டோக்கனை ஆணிக்கு அனுப்பிக் காட்டிக் குடுத்துட்டான் பாரு. மந்திரவாதின்னா இவன்தான் மந்திரவாதி."

இந்த முறை யாரும் துப்பவில்லை. வீட்டைப் பார்த்துப் பயபக்தியோடு கும்பிட்டார்கள். பெட்டி தூக்க மட்டும் ஒருவனும் வரவில்லை.