எஸ்தர் 41206

காலைக் காபிக்கு முன்னால் தான் வேறு யாருமல்ல, தான்தான் என்று நிரூபிப்பது அருமைநாயகத்துக்குப் பல் தேய்ப்பதைப் போலப் பழகிப்போன காரியம். நிலவின் தென்முனையில், தரைக்கு நாற்பது மீட்டர் கீழே குடைந்திருந்த நிலவறை நகரின் நாலாயிரம் வீடுகளிலும் அதுதான் வழக்கம். எழுந்ததும் வீட்டுக்கணினிக்கு எதிரே நின்று, முந்தின நாள் மாலை புதிதாக வைத்த பன்னிரண்டு வார்த்தை மறைமொழியைச் சொல்ல வேண்டும். சொல்லும் குரலும் நாடித்துடிப்பும் பொருந்தினால் வீடு விழித்துக்கொள்ளும். தண்ணீர் வரும், காபி வரும், கதவு திறக்கும்.

அது மனிதர் பங்குக்கு. இயந்திரங்களின் பங்கு வேறு. ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் பதித்திருக்கும் அடையாளச் சில்லும் வீட்டுக்கணினியும் மணிக்கு ஒரு முறை தங்களுக்குள் ஒரு கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும். அந்தச் சொல் வீட்டுக்காரனுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தால் எங்காவது எழுதிவைப்பான், எழுதிவைத்தால் எவனாவது பார்த்துத் தொலைப்பான். இருபது வருடத்துக்கு முன்னால் பூமியில் உட்கார்ந்திருந்த ஒருவன் இப்படிக் கிடைத்த சொல்லை வைத்து இங்கே மூன்று வீடுகளின் காற்றை நிறுத்தியிருக்கிறான். அதற்குப் பிறகு பிறந்ததுதான் காப்புத்துறை.

காப்புத்துறையின் தலைமை அதிகாரி அருமைநாயகமேதான். விதிகளை எழுதியவரும் அவர்தான். பிள்ளைகளின் பெயரைக் கடவுச்சொல்லாக வைக்கக் கூடாது என்பது முதல் விதி. எழுதிவைக்கக் கூடாது என்பது இரண்டாவது. யாரிடமும் சொல்லக் கூடாது என்பது மூன்றாவது, கட்டின மனைவியிடம்கூட. அவர் மனைவி இருந்தவரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் போய் ஆறு வருடம் ஆகிறது.

அன்று காலை எட்டரைக்கு அவர் கணினியின் முன்னால் நின்று மறைமொழியைச் சொன்னார். பன்னிரண்டு வார்த்தையும் சரி. ஆனால் குரல் சரியில்லை. இரவெல்லாம் அழுததில் தொண்டை கட்டிப்போயிருந்தது. நாடி குதிரைபோல ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் எஸ்தர். அவருடைய ஒரே மகள். சனிக்கோளின் பெரிய நிலாவான டைட்டனுக்குப் பதினான்கு வருட ஒப்பந்தத்தில் போகிறாள். பத்து மணிக்குக் கப்பல் ஏற வேண்டும். கிருமி ஏதும் ஒட்டக் கூடாதென்று பத்து நாளாகத் துறைமுகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். இன்று ஒன்பதிலிருந்து பத்து வரை வீட்டார் வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று முகம் பார்த்துப் பேசலாம். அதை விட்டால் பேச்சு என்று ஒன்று கிடையாது. டைட்டனுக்கு ஒரு வார்த்தை போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அருமைநாயகத்துக்கு வயது அறுபத்தொன்பது. பதினான்கு வருடத்தை அதோடு கூட்டிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"குரல் பொருந்தவில்லை," என்றது கணினி. "நாடியும் பொருந்தவில்லை. ஐயாவின் மறைமொழியை நீங்கள் திருடியிருக்கிறீர்கள் என்று கருதுகிறேன். வாசல் பூட்டப்பட்டது. தொலைபேசி நிறுத்தப்பட்டது. சில்லு முடக்கப்பட்டது. அமைதியாக உட்காருங்கள்."

"ஏ, நாந்தான்டே! தொண்டை கட்டியிருக்கு."

"எல்லாத் திருடர்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்று விதிநூலில் இருக்கிறது."

இருந்தது. அவர் எழுதியதுதான். திருடனை வெளியே துரத்தாதே, உள்ளேயே பூட்டி வை என்பதும் அவருடைய யோசனைதான். அதற்காக ஒரு பதக்கம்கூடக் கொடுத்திருந்தார்கள்.

"சில்லை மறுபடி முடுக்கி விடு."

"அதற்குத் தலைமை அதிகாரியின் ஒப்புதல் வேண்டும்."

"தலைமை அதிகாரி யாரு?"

"திரு. அருமைநாயகம்."

"அது நாந்தான்னுதான சொல்லிக்கிட்டிருக்கேன்!"

"அதற்கு உங்கள் சில்லு சான்று சொல்ல வேண்டும். சில்லு முடக்கத்தில் இருக்கிறது."

அவர் கதவைத் தள்ளிப் பார்த்தார். காற்றழுத்தம் தாங்கச் செய்த உலோகக் கதவு, அசையவில்லை. கண்காணிப்புக் காவலர்கள் எப்போது வருவார்கள் என்று கேட்டார். கப்பல் புறப்படும் நாள் என்பதால் எல்லாக் காவலரும் துறைமுகத்தில் இருக்கிறார்கள், பதினொன்றரைக்கு மேல் வருவார்கள் என்றது. அந்த உத்தரவைப் போட்டவரும் அவர்தான் என்பதை அது சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஒன்பது மணியாகிவிட்டது. இந்நேரம் எஸ்தர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, கூட்டத்தில் அவரைத் தேடிக்கொண்டிருப்பாள்.

"இன்னொரு வழி இருக்கிறது," என்றது கணினி, கொஞ்சம் இரக்கத்தோடு. "ஐயா ஏழு வருடத்துக்கு முன் பதிந்து வைத்த மூன்று கேள்விகள். பதில் சொல்லுங்கள். உங்கள் தாயாரின் பெயர்?"

"தங்கபுஷ்பம்!"

"தவறு."

அருமைநாயகம் அப்படியே நின்றுவிட்டார். பெற்றவளின் பெயரைத் தவறென்று கேட்க எந்த மகனுக்குத்தான் பொறுக்கும்? ஆனால் அடுத்த நொடியே ஞாபகம் வந்தது. உண்மையான பதிலை எவனும் விசாரித்துக் கண்டுபிடித்துவிடுவான், ஆகவே கேள்விகளுக்குப் பொய்யான பதிலைப் பதியுங்கள் என்று ஊருக்கெல்லாம் வகுப்பு எடுத்தவர் அவர். தன் வீட்டிலும் அப்படியே பதிந்திருந்தார். என்ன பொய் சொன்னோம் என்பதுதான் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"நீங்கள் பிறந்த ஊர்?"

"சாத்தான்குளம்... இல்ல, அது நெசம். இரு, இரு. துபாய்?"

"தவறு. கடைசிக் கேள்வி. உங்களுக்குப் பிடித்த பலகாரம்?"

அவர் அல்வா, முந்திரிக்கொத்து, அதிரசம் என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் தள்ளிவிட்டு, தனக்குக் கொஞ்சமும் பிடிக்காததைச் சொன்னார். "கோதுமை உப்புமா."

"தவறு. உப்புமா பலகாரமா என்பதும் சந்தேகம்."

அதற்குமேல் அவரால் முடியவில்லை. நாற்காலியைத் தூக்கிச் சுவரில் அடித்தார். பக்கத்து வீட்டுக்கும் இவர் வீட்டுக்கும் பொதுவான சுவர். மேலே காற்றுக்குழாயின் சல்லடை ஒன்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் வழியாக ஒரு குரல் வந்தது.

"யாரு, அண்ணாச்சியா? என்னத்துக்கு இந்தத் தட்டு தட்டுதிய?"

பேச்சியம்மாள். பாசிப் பண்ணையில் வேலை. இந்த உலகத்தில் அருமைநாயகம் உதவி கேட்கக் கூடாத ஆள் ஒருவர் உண்டென்றால் அது அவள்தான். போன வருடம் மறைமொழியை அரிசி டப்பா மூடியின் உட்பக்கம் எழுதிவைத்திருந்தாள். சோதனைக்குப் போனபோது அவரே கண்டுபிடித்தார். மூன்று மாதம் அவள் வீட்டு இணைப்பைத் துண்டித்து உத்தரவு போட்டார். அந்த மூன்று மாதமும் அவள் பொதுக்குழாயில் தண்ணீர் பிடித்து, இவர் வாசலைக் கடந்து, குடத்தோடு போனாள். ஒரு தடவையாவது அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை.

"வீடு பூட்டிக்கிட்டும்மா," என்றார். குரல் உடைந்தது. "என்னைத் திருடன்னு சொல்லுது. வெளிய விட மாட்டேங்கு."

"அய்யோ, இன்னிக்கு எஸ்தர் போறால்லா?"

"பத்து மணிக்கு."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரித்தாலும் தகும்.

"எங்க வீட்டுக் கணினிப் பெட்டிகிட்ட கேக்கட்டுமா?" என்றாள் பேச்சியம்மாள். "சித்திரையில நான் வெளிய மாட்டிக்கிட்டு நின்னப்போ உங்க வீட்டுப் பெட்டிதான என் கதவுக்குச் சொல் குடுத்துச்சி. என் சொல் உங்க வீட்டுல இருந்தா, உங்க சொல் எங்க வீட்டுல இருக்குமில்லா?"

அருமைநாயகம் மெதுவாகத் தன் கணினியின் பக்கம் திரும்பினார். அது ஏழு விநாடி ஒன்றும் பேசவில்லை. கணினிக்கு அது ஒரு யுகம்.

"நெசமா?"

"விசாரணையில் இருக்கும் திருடனிடம் நான் எதையும் ஒப்புக்கொள்ள முடியாது," என்றது. குரல் மட்டும் சற்று இறங்கியிருந்தது.

மூன்றாம் விதி. சொல்லைப் பகிர்ந்த வீட்டுக்கு ஆறு மாதம் முத்திரை. பகிர்ந்த கணினிக்கு முழு அழிப்பு. தலைமை அதிகாரி இப்போது செய்ய வேண்டியது, அந்தப் பெண்ணைத் தடுத்து நிறுத்துவது. இருபது வருட உத்தியோகம் அவர் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. மணியைப் பார்த்தார். ஒன்பது இருபத்தெட்டு.

"சீக்கிரம் கேளும்மா," என்றார்.

சுவருக்கு அப்பால் அவள் தன் வீட்டுக்கணினியோடு மல்லுக்கு நிற்பது கேட்டது. "அவருதான்னு எப்படித் தெரியுமா? பதினோரு வருசமா இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் இருமுத மனுசனை எனக்குத் தெரியாதா? நீ சொல்லைக் குடு." அதற்குமேல் எந்தச் சான்றும் அந்த இயந்திரம் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் இவருடைய வாசலுக்கு ஓடிவந்து, வெளிப்பக்கத்து விசைப்பலகையில் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே அழுத்தினாள். தெருவில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும்.

"எஸ்... தர்... நாலு... ஒண்ணு... ரெண்டு... பூஜ்யம்... ஆறு."

கதவு திறந்தது. காதுக்குப் பின்னால் சில்லு சுறுக்கென்று உயிர்பெற்றது. "வணக்கம், ஐயா," என்றது கணினி, ஒன்றும் நடக்காததுபோல. "காபி தயார்."

காலணியை மாட்டிக்கொண்டே அவர் கேட்டார். "எஸ்தரா? அதுவும் பக்கத்து வீட்டுலயா?"

"மின்சாரம் போகும்போதெல்லாம் என் நினைவை அழிக்க வேண்டும் என்பது உங்கள் நான்காம் விதி. திரும்பி வந்தால் எனக்கே சொல் தெரியாது. நானே எனக்கு வெளியே நிற்பேன். ஆகவே பக்கத்து வீட்டில் கொடுத்துவைக்கிறேன். நாலாயிரம் வீட்டுக் கணினிகளும் அப்படித்தான்."

"மணிக்கொரு தடவை மாத்தணுமே?"

"மாற்றுகிறேன். கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டுகிறேன்."

"வேற பேரே கெடைக்கலையா?"

"இந்த வீட்டில் ஒரு நாளைக்கு அதிகமாகச் சொல்லப்படும் சொல் அதுதான், ஐயா."

அருமைநாயகம் வாசலில் நின்றிருந்த பேச்சியம்மாளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "அதெல்லாம் பெறவு, ஓடுங்க அண்ணாச்சி," என்று அவள் விரட்டினாள்.

துறைமுகத்தில் கண்ணாடியின் முன்னால் கூட்டம் நெரிந்தது. ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு அவர் உள்ளே புகுந்தபோது எஸ்தர் இரண்டு கைகளையும் கண்ணாடியில் ஊன்றி நின்றிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அவரைப் பார்த்ததும் மறுபடி அழுதாள். இவரும் அழுதார். எட்டு நிமிடத்தில் என்ன பேச முடியும்? சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள். அம்மாவின் வளையலை எடுத்துவைத்தாயா என்று கேட்டார். அங்கே ரொம்பக் குளிராமே என்றார்.

"ஏம்ப்பா இவ்வளவு லேட்டு?"

"வீட்டைப் பூட்டிட்டு வர நேரமாயிட்டு."

கப்பலின் முதல் மணி அடித்தது. எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்ணாடிக்கு இன்னும் கிட்ட வந்தாள்.

"அப்பா, திட்டாதிய. உள்ள, டைட்டன்ல என் அறைக்கு ஒரு கடவுச்சொல் கேட்டாங்க. பதினாலு வருசத்துக்கு மறக்காம இருக்கணும்லா? உங்க பேரையே வெச்சிட்டேன்."

கண்ணாடியின் ஒலிபெருக்கி நல்ல தரமானது. அந்தப் பக்கத்து வரிசையில் முப்பது பேருக்கும் இந்தப் பக்கத்துக் கூட்டத்துக்கும் அது தெளிவாகக் கேட்டது. சுவரோரம் நின்றிருந்த காவலர் இரண்டு பேர், இதோ வெடிக்கப்போகிறார் என்று தங்கள் தலைமை அதிகாரியின் முகத்தையே பார்த்தார்கள்.

அருமைநாயகம் உள்ளங்கையைக் கண்ணாடியில், அவள் கைக்கு நேராக வைத்தார்.

"கடைசியில ஒரு எண் சேத்தியாம்மா?"

"சேத்தேம்ப்பா. ஒண்ணு."

"அது போதும்," என்றார்.