நாலு பவுண்டு ஆறு அவுன்ஸ்

சாந்தம்மாள் மாணவி என்ற பெயர் போய் மிட்வைஃப் ஆகிப் பதினோரு நாளும் ஆறு மணி நேரமும் ஆகியிருந்தபோது, பிரசவ அறையில் தொங்கிய தராசு, துணித்தொட்டில் காலியாக இருக்கும்போதே எடை காட்டியது. நாலு பவுண்டு ஆறு அவுன்ஸ்.

துணி ஈரமாக இருக்கும் என்று கழற்றிப் பிழிந்து பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. மறுபடி மாட்டினாள். முள் மெல்ல இறங்கி அதே இடத்தில் நின்றது.

வெளியே பிற்பகல் மூன்று மணிக்கே மூடுபனி மாட்டுப்பட்டி மலைப் பக்கமிருந்து ஏறிவந்து, தேயிலைச் சரிவையும் தொழிலாளர் லயங்களின் தகரக் கூரைகளையும் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு எஸ்டேட் டிஸ்பென்சரி ஜன்னல்வரை வந்து நின்றிருந்தது. ஃபேக்டரியில் தேயிலை காயும் வாசனையோடு லைசால் நெடியும் கலந்து அவள் தொண்டையில் உட்கார்ந்தது. மூலையில் மூடி போட்ட எனாமல் வாளி இருந்தது. பிரசவக் கழிவுக்கானது. எல்லாப் பிரசவ அறையிலும் இருப்பதுதான். அதைப் பார்க்காமல் நடக்க அவள் பழகியிருந்தாள்.

சுவரில் 1974ஆம் வருடத்துச் சர்ட்டிபிகேட் சட்டத்துக்குள் தொங்கியது. அதை வாங்கப் பயிற்சி ஆஸ்பத்திரியில் இருபது பிரசவம் பார்த்து நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் அதே ஷிப்டில் வார்டு சிஸ்டரின் கையெழுத்து வாங்க வேண்டும். பத்தொன்பது நல்லபடி முடிந்தன. இருபதாவது, கடைசி நாளில், குறைமாதத்தில் வந்தது. சிஸ்டர் மதலேனம்மாள் ஒரே ஒரு பார்வை பார்த்தார். "செத்துப் பிறந்தது. எழுது. எனக்கு டியூட்டி முடியுது," என்றார். அன்று விட்டால் அடுத்த பரீட்சைக்கு ஆறு மாதம். சாந்தம்மாள் எழுதினாள். எடையையும் எழுதினாள். நாலு பவுண்டு ஆறு அவுன்ஸ். அந்தப் பக்கத்தில் எழுதாத ஒன்று உண்டு. அதை அவள் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

"சிஸ்டரம்மா!"

ஆயா சுருளியம்மாள் காலால் கதவைத் தள்ளினாள். கொழுந்து பறிக்கும் சந்தனம் அவள் தோளில் தொங்கிக்கொண்டு வந்தாள். தேயிலைக் காட்டிலேயே வலி எடுத்துவிட்டது.

"இந்தச் சின்னப் பிள்ளையா பாக்கப் போகுது?" சந்தனம் வலியோடு வலியாக முறைத்தாள்.

"சர்க்காரே சர்ட்டிபிகேட் குடுத்துருக்கு. சுவத்துல மாட்டிருக்கறது என்ன, ஒன் கல்யாணப் போட்டோவா? ஏறிப் படு," என்றாள் ஆயா.

சந்தனம் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. சாந்தம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "முன்ன ரெண்டும் தங்கல சிஸ்டர். இத எப்படியாச்சும் குடுத்துருங்க."

"குடுத்துர்றேன்."

சொல்லி முடிக்குமுன் மூலையில் ஒரு சத்தம். எனாமலை நகம் சுரண்டுவதுபோல.

"எலி," என்றாள் ஆயா.

காலையில் வாளியைக் கழுவிக் கவிழ்த்தவள் சாந்தம்மாள். காய்ந்ததும் மூடி போட்டவளும் அவளே.

நாலரை மணிக்குக் குழந்தை வந்தது. நிறைமாதம். பெண். நீலம் பாரித்திருந்தது. அழவில்லை.

வாயைத் துடைத்தாள். சளியை உறிஞ்சினாள். உள்ளங்காலைத் தட்டினாள். உதட்டோடு உதடு வைத்து ஊதினாள். இன்னொரு முறை. இன்னொரு முறை. இங்கே ஒரு பார்வை பார்த்துச் சொல்லிவிட்டுப் போக யாரும் இல்லை. இனிக் கையெழுத்து அவளுடையது.

"போயிருச்சு தாயி," என்றாள் ஆயா மெதுவாக. "வாளிய எடுக்கட்டா?"

"வேணாம்!"

அப்போது அழுகை கேட்டது.

சன்னமாக. பூனைக்குட்டிபோல. சந்தனம் தலையைத் தூக்கினாள். "அழுவுதே! எம் பிள்ள அழுவுதே!"

சாந்தம்மாள் கையிலிருந்ததைப் பார்த்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. வாய் அகலத் திறந்திருந்தது. சத்தம் அங்கிருந்து வரவில்லை.

மூலையிலிருந்து வந்தது.

குழந்தை வாயை மூடியது. வாளியில் அழுகை நின்றது. குழந்தை வாயைத் திறந்தது. வாளி அழுதது. மூடி ஒரு விரல் உயர்ந்து, டக்கென்று அமர்ந்தது.

கை பழக்கத்தில் குழந்தையைத் தராசில் வைத்தது. கொழுகொழுவென்ற உடம்பு. முள் இறங்கியது. நின்றது.

நாலு பவுண்டு. ஆறு அவுன்ஸ்.

"வாளி காலிதானேம்மா?" ஆயாவின் கை மூடிவரை போய்த் திரும்பியது. "யாரு உள்ள?"

"எம் பிள்ளையக் குடுங்க," என்றாள் சந்தனம். தராசைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அழுகை நின்றது. பதிலுக்குக் காத்திருப்பதுபோல.

"என்னோட இருபதாவது," என்றாள் சாந்தம்மாள். குரல் யாருடையதோபோல இருந்தது. "வாளிக்குள்ள வைக்கும்போது அது அழுதுச்சு. சிஸ்டர் அப்பத்தான் கையெழுத்துப் போடப் பேனாவ எடுத்தாங்க. நான் மூடியப் போட்டேன்."